கள்ளாமை விரதமும் வாணிப அளவைகளும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. பிறர் பொருளைக் கவராதிருத்தல் என்று சிறார்க்கு ஒரே வரியில் கற்பித்துவிடுகிறோம். அவர்களும் இதனை மிக எளிய விரதம் என்று எண்ணிக்கொள்கின்றனர். சுவரேறித் திருடும் வழக்கம் நம் குடும்பங்களில் எவர்க்கும் இல்லையன்றோ! ஆனால் உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் பயில்வோர் அங்கே வேறொன்றைக் காண்பர்.

இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள், கூறப்பட்டுள்ளன. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச நெறிக்கு மாறாகப் பொருளீட்டுதல், குறைத்தும் மிகுத்தும் அளத்தல், போலிப் பொருளை நல்லதென விற்றல் என்பன அவை. இவ்வைந்தையும் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே செய்துவிட இயலும்.

நான்காவதை மட்டும் சற்று விரிவாக நோக்குவோம். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில், முகத்தலளவை, நிறுத்தலளவை இரண்டையும் சுட்டி, பிறர்க்குக் கொடுக்கும்போது சிறிய அளவையாலும் தாம் கொள்ளும்போது பெரிய அளவையாலும் அளப்பதே இக்குற்றம் என்று விளக்குகிறார். இப்பகுதியை யாம் கற்றபோது எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அஃது எம் வீட்டுப் பரணிலேயே கிடைத்திருந்தது.

முன்னாளில் நெல்லை மரக்காலால் அளந்தனர். எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆயினும் மரக்கால் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆதலின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் எனப் பெயர் சுட்டியே நெல்லைக் கணக்கிடுகின்றன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் வந்த பின்னரும் எங்கள் களத்துமேட்டில் மரக்கால் நெடுநாள் நீடித்தது.

1974இல் எம் பாட்டனார் மறைந்தபின் பரணைத் தூய்மை செய்தபோது, பார்வைக்கு ஒன்றுபோல் இரண்டு மரக்கால்கள் கிடைத்தன. அப்போதுதான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த யாம், ஆவலால் ஒன்றை நெல்லால் நிரப்பி, வாய்மட்டமாக வழித்து, மற்றதில் கொட்டினோம். அரைப்படி நெல் தரையில் சிந்தியது. ஆடி, ஆவணியில் கடனாக நெல் பெற்றோர்க்குச் சிறியதால் அளந்தனர் என்றும், அறுவடையில் திரும்பப் பெறும்போது பெரியதால் அளந்தனர் என்றும் பாட்டியார் ஒளிக்காமல் கூறினார். “வசதியுள்ள வீடுகளில் எல்லாம் அப்படித்தானம்மா” என்றார். மரக்காலுக்கு அரைப்படி என்றால் கலத்துக்கு ஆறு படி. அதுவும் வட்டி நீங்கலாக!

எம் பாட்டனார் இரவில் உண்ணாதவர். நீரை வடிகட்டியே பருகியவர். அவரைக் கள்வர் என்று கூற எமக்கு நா எழவில்லை. தாம் செய்வது ஊர்வழக்கு, திருட்டன்று என்றே அவர் நம்பியிருத்தல் வேண்டும். அதிசாரம் எத்துணை ஓசையின்றி வீட்டினுள் புகும் என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

இன்று மின்னணுத் தராசு வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைச் சார்ந்த விதிகளின்படி, எடைக்கற்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் இத்தகைய தராசுகள் ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை பெறுதல் வேண்டும். எனினும் முத்திரையுள்ள தராசிலேயே இனிப்பை அட்டைப்பெட்டியோடு நிறுத்தால், அட்டையும் இனிப்பின் விலைக்கு விற்றுவிடுகிறது. கடைக்காரரை மட்டும் குறைகூறி அமைதல் முறையன்று. நம்மவரில் உழவர் பலர். நிலக்கடலை மூட்டையில் நீர் தெளிப்பதும், மூட்டையின் வாய்ப்புறம் நல்ல நெல்லும் நடுவே பதருமாக நிரப்புவதும் எவ்வதிசாரம் என்று வீட்டுப் பிள்ளைகளை வினவுங்கள். நான்காவதா, ஐந்தாவதா என்று அவர்கள் வாதிடட்டும். எம் கருத்தில் இரண்டுமே. ஈரக் கடலையில் பூஞ்சை பற்றி நஞ்சு உண்டாவதால், அச்செயல் முதல் விரதமாகிய கொல்லாமையையும் தொடுகிறது.

மரக்கால்களைக் கண்ட எம் தந்தையார் சில நாள் எவரிடமும் பேசவில்லை. அடுத்த அறுவடை முதல், கூலி நெல்லைப் பெரிய மரக்காலாலேயே அளக்கச் செய்தார். உறவினர் சிலர் நகைத்தனர். கூலி பணமாக மாறும்வரை அவ்வழக்கம் தொடர்ந்தது. ஆனால் கடன் பெற்ற குடும்பங்களுள் சில அதற்கு முன்பே ஊரைவிட்டுச் சென்றிருந்தன. பழைய கணக்கேட்டைப் பார்த்து, அவர்கட்குச் சேரவேண்டிய நெல்லைத் தந்தையார் பெயர்வாரியாக ஒரு தாளில் எழுதி வைத்தார். அத்தாள் இப்போது எம்மிடம் உள்ளது.