காவலில்லா வீடும் கவனிக்கப்படாத கணிப்பொறியும்

முன்னுரை

வீட்டைக் கட்டுவது ஒரு வேலை. கட்டிய வீட்டைக் காப்பது மற்றொரு வேலை. ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றாத கூரை ஐப்பசி மழைக்கு ஒழுகும். எண்ணெய் காணாத பூட்டு அவசர நேரத்தில் திறக்காது. இந்த உண்மை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வங்கி, மருத்துவமனை, புகைவண்டி நிலையம், அரசு அலுவலகம் என எங்கும் வீற்றிருக்கும் கணிப்பொறிக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. வாங்கி வந்த அன்று அதற்குப் பொட்டிட்டு மாலை சூட்டுகிறோம். பிறகு அது பழுதாகி நிற்கும் வரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அலுவலகக் கணிப்பொறிகளைப் பேணுவது ஏன் இன்றியமையாதது, எவ்வாறு பேணுவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

துருப்பிடிக்காத பொருளும் பழுதாகுமா?

கணிப்பொறியை இயக்குவது மென்பொருள். அது இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. துணியைப்போல் நைந்து போவதும் இல்லை. பின் அதற்குப் பராமரிப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். விண்டோஸ் போன்ற ஒரு மென்பொருளில் பல கோடிக் கட்டளை வரிகள் உள்ளன. அவற்றை எழுதுவோர் மனிதர்களே. ஆகவே பிழைகள் இருந்தே தீரும். அப்பிழைகளில் சில, அந்நியர் உள்ளே நுழையும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் அதைத் தயாரித்த நிறுவனம், கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடுவதுபோல், ஒரு திருத்தத்தை வெளியிடுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இத்திருத்தங்களை வழங்கி வருகிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. திருத்தம் வெளியானவுடன் ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடர்க்கும் தெரிந்துவிடுகிறது. அன்று முதல் இருவருக்கும் இடையே ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. உடனே அடைத்தவர் தப்புவார். நாளை பார்க்கலாம் என்றவர் அகப்படுவார்.

பிரிட்டன் கற்ற பாடம்

இதற்கு ஒரு சான்றைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வானாக்ரை என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. யாரும் எதையும் திறக்காமலேயே அது ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவிச் சென்றது. சென்ற இடமெல்லாம் கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தர வேண்டும் என்று திரையில் அறிவித்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் இதற்கு இரையாயின.

மிகவும் துன்புற்றவற்றுள் ஒன்று, என்.எச்.எஸ். எனப்படும் பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவை. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இதன் விவரங்கள் உள்ளன. இங்கிலாந்திலுள்ள 236 மருத்துவமனை நிர்வாகங்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 595 பொது மருத்துவர் நிலையங்களும் பாதிப்புக்கு உள்ளாயின. 19,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் முன்பதிவுகள் இரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தோர் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்து, வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருந்த ஒருவரிடம் "இன்று முடியாது, போய் வாருங்கள்" என்று சொல்ல நேர்ந்தால் எப்படி இருக்கும்! கணிப்பொறியின் ஓட்டை மனிதர் உடலில் வலியாக முடிகிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் 22 வயது இளைஞர் அன்றைய தினமே இப்பரவலை நிறுத்தினார். அத்தீய மென்பொருள், உலகில் இல்லாத ஓர் இணைய முகவரியைத் தேடிப் பார்ப்பதையும், பதில் வராவிட்டால் மட்டுமே தாக்குவதையும் ஆய்வாளர்கள் பின்னர் அறிந்தனர். அவர் அந்த முகவரியைப் பதிவு செய்தார். பதில் கிடைத்ததும் அது அடங்கிவிட்டது.

வேதனை தரும் செய்தி இனிமேல்தான் இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு முன் 59 நாட்கள் இருந்தன. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கைகளும் அனுப்பப்பட்டன. மருந்து வாசலில் இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

சோம்பல் மட்டுமா காரணம்?

குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் நடுநிலையோடு ஆராய்ந்தால் வேறு காரணங்களும் புலப்படும். மருத்துவமனை இரவும் பகலும் இயங்குவது. கணிப்பொறியை நிறுத்தித் திருத்தம் போட ஓய்வு நேரம் கிடைப்பதில்லை. சில ஸ்கேன் கருவிகள் பழைய மென்பொருளோடு பிணைக்கப்பட்டவை. அதை மாற்றினால் கருவியே இயங்காமல் போகலாம். புதிய கருவி வாங்கவோ பெரும்பணம் வேண்டும். மேலும், சில நேரங்களில் திருத்தமே புதுக் கோளாறை உண்டாக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆகவே "உடனே செய்" என்று ஆணையிட்டால் மட்டும் போதாது; செய்வதற்கு ஆளும் நேரமும் பொருளும் ஒதுக்க வேண்டும்.

அலுவலகம் செய்ய வேண்டிய ஆறு கடமைகள்

முதலாவது, கணக்கெடுப்பு. எத்தனை கணிப்பொறிகள் உள்ளன, அவற்றில் எந்த மென்பொருள் உள்ளது, யார் பொறுப்பு என்று பதிவேடு வேண்டும். இருப்பதே தெரியாத பொருளைக் காக்க இயலாது.

இரண்டாவது, தவணை தவறாத திருத்தம். முதலில் நான்கைந்து கணிப்பொறிகளில் சோதித்து, குறையில்லை என்று கண்டபின் மற்றவற்றில் இட வேண்டும். சோற்றுப் பதம் பார்க்கும் முறைதான் இது.

மூன்றாவது, பழையவற்றைப் பிரித்து வைத்தல். தயாரிப்பாளர் கைவிட்ட மென்பொருளுக்கு ஒட்டுப்போட ஆளில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் வழக்கமான பராமரிப்பு முடிவுற்றது. மாற்ற இயலாத பழைய கருவியை இணையத்திலிருந்தும் பிற கணிப்பொறிகளிலிருந்தும் துண்டித்துத் தனியே வைக்க வேண்டும். தொற்றுநோய் கண்டவரைத் தனியறையில் வைப்பதுபோல என்று கொள்ளலாம்.

நான்காவது, அளவான அதிகாரம். எல்லோரிடமும் எல்லா அறைச் சாவியையும் கொடுப்போமா? அவரவர் பணிக்குத் தேவையான அனுமதி மட்டுமே தர வேண்டும். ஒருவர் வேலையை விட்டு விலகினால் அன்றே அவரது கணக்கை மூட வேண்டும். நீண்ட கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் இருப்பது நலம்.

ஐந்தாவது, நகலெடுத்தல். முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் என்பது கணிப்பொறித் துறையினர் கூறும் விதி. அந்த நகல் திரும்பத் திறக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். திறக்காத நகல், சாவி தொலைந்த பெட்டிக்குச் சமம்.

ஆறாவது, ஒத்திகை. பிரிட்டனின் சுகாதாரத் துறையிடம் இத்தகைய தாக்குதலைச் சமாளிக்கத் திட்டம் இருந்தது; ஆனால் உள்ளூர் அளவில் ஒத்திகை பார்க்கவில்லை. ஆகவே யாரிடம் சொல்வது என்றே பலருக்குத் தெரியவில்லை. மின்னஞ்சலும் முடங்கவே, பலர் தம் சொந்தக் கைபேசியை நாடினர். தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைப்பது பழைய வழக்கம். அன்று அதுவே உதவியிருக்கும்.

முடிவுரை

காவல் தொழிலுக்கு ஒரு துர்ப்பாக்கியம் உண்டு. காவலர் கண்ணுறங்கினால் ஊரே அவரைப் பழிக்கும். விழித்திருந்தால் ஒன்றும் நடப்பதில்லை, ஆதலால் யாரும் அவரை நினைப்பதில்லை. அலுவலகக் கணிப்பொறிகளைப் பேணுவோரின் நிலையும் இதுவே. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவர்கள் உழைப்பின் பயன் என்பதை மேலதிகாரிகள் உணர்ந்தால், அதற்குரிய ஆளையும் பணத்தையும் மறுக்கமாட்டார்கள்.

தோழியரே! நம்மில் சிலர் செவிலியராகலாம், சிலர் ஆசிரியையாகலாம், சிலர் வங்கியில் அமரலாம். எந்த மேசையில் அமர்ந்தாலும் நம் முன் ஒரு கணிப்பொறி இருக்கும். "திருத்தம் வந்துள்ளது" என்று அது தெரிவிக்கும்போது, "பிறகு பார்க்கலாம்" என்று விரல் தானாகச் செல்லும். அந்த நொடியில் அந்த 59 நாட்களை நினைத்துக்கொள்வோம். வருமுன் காப்போம்!

– பத்தாம் வகுப்பு மாணவி