அண்டை நாடு தளர்ந்தால்

எதிர்வீட்டுக் கூரை பற்றி எரியும்போது நம் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டால் போதுமா? வலுவிழந்த அரசுகள் பற்றிப் பாடம் நடத்துகையில் எங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வி இது. விடை தேடிய எனக்குக் கிடைத்த சான்று, சோமாலியாவும் அதன் அண்டை நாடாகிய கென்யாவும்.

வலுவிழந்த அரசு என்றால் ஏழை அரசு என்று பொருளன்று. சட்டத்தை நிலைநாட்டவும், வரி தண்டவும், குடிகளைக் காக்கவும் இயலாத அரசே அது. 1991-இல் சியாத் பார்ரேயின் ஆட்சி கவிழ்ந்தபின், சோமாலியாவைப் படைத்தலைவர்கள் கூறுபோட்டனர். விளைவு எல்லையோடு நிற்கவில்லை.

முதலில் வந்தோர் ஏதிலிகள். கென்யாவின் தடாப் முகாம்கள் 90,000 பேருக்கென அமைந்தவை. 2011-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கிருந்தோர் 4 இலட்சத்துக்கும் அதிகம். கடலிலோ கொள்ளையர் பெருகினர். கப்பல்களின் காப்பீட்டுச் செலவு உயர்ந்தது. அல் ஷபாப் இயக்கத்தை ஒடுக்க 2011 அக்டோபரில் கென்யப் படை சோமாலியாவுக்குள் நுழைந்தது. 2013-இல் அவ்வியக்கத்தினர் நைரோபியின் வெஸ்ட்கேட் அங்காடியில் 67 பேரைக் கொன்றனர். சுற்றுலாப் பயணிகள் குறைந்தனர். கடற்கரை விடுதிகள் பல மூடப்பட்டன. அங்கே பிழைப்பை இழந்த தொழிலாளர் சோமாலிய மண்ணை மிதித்தும் அறியாதவர்கள்.

2015 ஏப்ரல் 2, விடியற்காலை. கரிசா பல்கலைக்கழகக் கல்லூரிக்குள் புகுந்த நால்வர் 148 பேரைக் கொன்றனர். மாண்டவருள் பெரும்பாலோர் மாணவர். நம்மைப்போல் விடுதியில் உறங்கியவர்கள். இதைப் படித்தபின், பாடநூலின் வரையறை எனக்கு வெறும் வரையறையாகத் தோன்றவில்லை.

கென்யா எல்லையில் தடுப்பு எழுப்ப முனைந்தது. 2016-இல் தடாபை மூடுவதாக அறிவித்தது. மறு ஆண்டே அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கொலையாளிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களையே குற்றவாளிகளாக்குவது முறையாகுமா? மேலும், கரிசாவில் சுட்டவர்களுள் ஒருவன் கென்யக் குடிமகன். நைரோபியில் சட்டம் பயின்ற பட்டதாரி! அவனை எந்தச் சுவர் தடுத்திருக்கும்?

எல்லைக்காவல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது பாதி மருந்தே. அண்டை நாட்டில் சட்டமும் நீதிமன்றமும் பள்ளியும் மீண்டும் எழத் துணைநிற்பதும், தன் எல்லைப்புற மக்களை அயலாராய் நடத்தாதிருப்பதும் மறுபாதி.

பேராசிரியரின் கேள்விக்கு என் விடை இதுதான்: கதவைத் தாழிடலாம், ஆனால் தண்ணீர்க் குடத்தோடு எதிர்வீட்டுக்கு ஓடுபவனே தன் கூரையையும் காப்பவன்.