குறை என்று எழுதும் முன்

சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்கி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் செய்துகொண்டு வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு.

1. பிள்ளையின் வீட்டில் என்ன மொழி என்பதை முதலில் கேளுங்கள். வாணியம்பாடியில் உருது, தாளவாடியில் கன்னடம், திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் ஒடியா. அங்கிருந்து வரும் பிள்ளை தமிழ் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால், அறிவு குறைவு என்று எதை வைத்து எழுதுவீர்கள்?

2. ஐ.க்யூ. எண்ணைக் கண்டு மிரளாதீர்கள். அந்த எண்ணைத் தரும் பினே-காமத் சோதனையே காமத் என்பவர் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்காகத் திருத்தி அமைத்தது. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்காரவைத்தார்கள். டயானா என்ற சிறுமியின் பெயரால் வழக்கு நடந்தது. ஸ்பானிஷில் மறுபடி சோதித்தால், வழக்குப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே இல்லை! இனித் தாய்மொழியிலும் சோதிப்போம் என்று 1970-இல் அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. நான் போன மதிப்பீட்டு முகாம்களிலோ, ஒடியா தெரிந்த ஒருவரைக் கூட்டிவர யாருக்கும் தோன்றியதில்லை. பிள்ளையின் அக்காவைத் துணைக்கு வைப்பார்கள். பதிலை அவளே சொல்லிவிடுவாள்.

3. இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. "மொழிதான் சிக்கல், போகப் போகச் சரியாகிவிடும்" என்று இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். பிள்ளைக்குக் காது கேட்காது என்பது பிறகுதான் தெரியும். காதையும் கண்ணையும் முதல் மாதமே பரிசோதிக்க அனுப்புங்கள். என்னைக் கேட்டால், அதைச் செய்யாமல் காலம் கடத்துவதைவிடப் பெரிய பாவம் நம் தொழிலில் இல்லை.

4. சான்றிதழ் வேலையைச் சலித்துக்கொள்ளாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை.

5. வீட்டுக்குப் போனால் பாட்டியிடம் பேசுங்கள். பிள்ளைக்கு என்ன வராது என்று ஊரே சொல்லும். என்ன வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆடு ஓட்டுகிறானா, கடையில் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா? உங்கள் பாடத் திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

6. இருளர் குடியிருப்பிலோ உருது பேசும் தெருவிலோ பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால், சிறப்புக் கல்விப் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள், விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். அந்த வீட்டு மொழி தெரிந்த ஆசிரியர்கள் நமக்கு உடனே வேண்டும்.