மொய் நோட்டில் ஒரு ஊர்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய கேள்வித்தாளையும் அதற்கு வந்த பதில்களையும் இரண்டு தடவை படித்தேன். 'உங்கள் ஊரில் மக்கள் ஒற்றுமையாக இருக்கிறார்களா? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக' என்று கேட்டிருக்கிறாய். ஏறக்குறைய எல்லோரும் ஐந்து போட்டிருக்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமையான ஊரில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று சோர்ந்துபோய் எழுதியிருக்கிறாய்.

சோர்ந்துபோகாதே. சிக்கல் ஊரிடம் இல்லை, 'ஊர்' என்ற சொல்லில் இருக்கிறது. நீ மொத்தக் கிராமத்தையும் மனதில் வைத்துக் கேட்டாய். நம் பக்கத்தில் தலித்துகள் குடியிருக்கும் காலனியில் இருப்பவர் 'ஊருக்குள்ள போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். அவர் குடியிருக்கும் இடம் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. ஊர்க்கூட்டம், ஊர்ச்சாவடி, ஊர்ப் பொதுப்பணம் எல்லாம் அந்தச் சின்ன ஊருக்குச் சொந்தமானவை. ஊர்த்தெருக்காரர் தன் தெருவை நினைத்து ஐந்து போட்டார். காலனிக்காரர் எதை நினைத்துப் போட்டார்? நீ யார் வீட்டுத் திண்ணையில் தங்கியிருந்தாய், கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று குறித்து வைத்திருக்கிறாயா? இல்லையென்றால் அந்த ஐந்துக்கு நான் மதிப்புக் கொடுக்கமாட்டேன்.

ஒற்றுமையில் ஒரு வகை மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தை ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதற்கும் ஒற்றுமை வேண்டும். கடையில் சாமான் கொடுக்காமல், நல்லது கெட்டதுக்குப் போகாமல், ஒருவர் விடாமல் அந்தக் கட்டுப்பாட்டைக் காக்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட ஆள் வராமலும், ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தும் பத்து வருஷம் ஓடியது. 2006-ல்தான் முறையான தலைவர்கள் வந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் உன் கேள்வித்தாளைக் கொண்டுபோயிருந்தால் அங்கேயும் ஐந்து விழுந்திருக்கும். அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் 2000-ல் வெளியிட்ட நூலில் ஒற்றுமையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்: தன் ஆட்களோடு இறுகும் கட்டு ஒன்று, மற்றவரிடம் போகும் பாலம் ஒன்று. நம் ஊர்களில் கட்டுக்குப் பஞ்சமே இல்லை. நீ எண்ண வேண்டியது பாலத்தை.

அதை எப்படி எண்ணுவது? எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். நான் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எந்த விசேஷமானாலும் மொய் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள். பந்தல் வாசலில் ஒரு மேஜை, பித்தளைத் தாம்பாளம், மஞ்சள் தடவிய நோட்டு. முதல் பக்கத்தில் தாய்மாமன் பெயர். பிறகு பங்காளிகள், சம்பந்திகள், வெளியூர்க்காரர்கள். ஒரு கல்யாணத்தில் பந்தி முடியும் நேரத்துக்குக் காலனியிலிருந்து ஒருவர் வந்தார். கல்யாண வீட்டாரின் வயலில் பல வருஷம் நீர் பாய்ச்சியவர். பந்தலுக்குள் வராமல் பந்தல் கால் ஓரத்தில் நின்று, மடித்த நோட்டை என்னிடம் நீட்டினார். பெயரை எழுதினேன். 'சாப்பிட்டுப் போங்க' என்று சொன்னேன். 'இருக்கட்டும் சார்' என்று சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்க வேண்டும். மேஜையில் பணம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டில் விசேஷம் வந்தது. அந்த நோட்டையும் நானே எழுதினேன். கல்யாண வீட்டார் பெயர் அதில் வரவில்லை. மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். மறந்தால் தெருவில் வைத்துக் கேட்டுவிடுவார்கள். அவருக்குச் செய்ய வேண்டிய மொய்யை மட்டும் யாரும் கடனாக நினைக்கவே இல்லை, அவரும் கேட்கவில்லை. ஊர் எப்படி இருக்கிறது என்பதை அந்த இரண்டு நோட்டும் எனக்குச் சொல்லிவிட்டன.

ஆகவே ஒவ்வொரு தெருவிலும் சில வீடுகளின் மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார். தொகையைக் குறிக்காதே, பெயரையும் எழுதிக்கொள்ளாதே, போன் கேமராவை எடுக்கவே எடுக்காதே. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு மொய் போயிருக்கிறது, திரும்பி வந்திருக்கிறதா என்று மட்டும் எண்ணு. வந்தவர் பந்தியில் உட்கார்ந்தாரா என்பது நோட்டில் இருக்காது, அதை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்விகளையும் மாற்று. 1997-ல் ராபர்ட் சாம்ப்சனும் அவரோடு இருந்தவர்களும் சிகாகோ நகரத்தில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் எடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்தாரை நம்பலாமா, ஒருவருக்கொருவர் உதவுவார்களா என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. பள்ளி நேரத்தில் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா, வீட்டு முன்னால் சண்டை நடந்தால் தலையிடுவார்களா, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போவதாகச் சொன்னால் சேர்ந்து போராடுவார்களா என்றும் கேட்டார்கள். நம்பிக்கையும் இப்படித் தலையிடும் மனசும் சேர்ந்து இருந்த இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. நீயும் இப்படிக் கேள்: ராத்திரி பிரசவ வலி வந்தால் எந்தத் தெரு வண்டி வரும்? சாவு வீட்டில் பாடை தூக்க யார் யார் வருவார்கள்? பிள்ளைகள் டீக்கடையில் நின்றால் அடுத்த தெருக்காரர் கேட்கலாமா, கேட்டால் என்ன ஆகும்? ஒன்றில் மட்டும் கவனமாக இரு. நம் ஊரில் பிள்ளைகளைக் கண்காணிக்கும் அதே கண்தான், ஒரு பெண் யாரோடு பேசினாள் என்பதையும் கண்காணிக்கிறது. அதை ஒற்றுமைக் கணக்கில் சேர்த்துவிடாதே.

பதில்கள் கைக்கு வந்ததும் சராசரி எடுக்காதே. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு தெரு ஐந்தும் இன்னொரு தெரு இரண்டும் சொன்னால் 'மூன்றரை' என்று ஒரு எண் வரும். அந்த மூன்றரையில் வாழும் மனிதர் யாரும் அந்தக் கிராமத்தில் இல்லை. இரண்டு தெருவையும் தனித்தனியாகப் போடு. நடுவில் இருக்கும் இடைவெளிதான் உன் அளவு. அடுத்த வருஷம் போய் அதே கேள்விகளைக் கேட்டால் இடைவெளி குறைந்ததா, கூடியதா என்று தெரியும்.

ஒற்றுமையை வளர்ப்பது எப்படி என்றும் கேட்டிருந்தாய். அசுதோஷ் வர்ஷ்னி இந்து–முஸ்லிம் கலவரங்களைப் பற்றி 2002-ல் ஒரு நூல் எழுதினார். அலிகாரையும் கோழிக்கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தம் பிள்ளைகள் மற்ற மதத்துப் பிள்ளைகளோடு விளையாடுவதாகக் கோழிக்கோட்டில் சுமார் 90 சதவீதத்தினர் சொன்னார்கள், அலிகாரில் 42 சதவீதத்தினர். ஆனால் பதற்றம் கூடும்போது, அதுவும் பெரிய நகரங்களில், இந்த அன்றாடப் பழக்கம் மட்டும் போதாது என்கிறார் அவர். வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரு தரப்பும் கலந்து உறுப்பினராக இருக்கும் அமைப்புகள்தான் வதந்தியை உடைத்து, ஆட்களை அடக்கி நிறுத்தின. மும்பை பக்கத்துப் பிவண்டியில் 1970-லும் 1984-லும் பெரிய கலவரங்கள் நடந்தன. பிறகு அங்கே காவல் அதிகாரியாக வந்த சுரேஷ் கோப்டே, பேட்டைக்குப் பேட்டை இரு மதத்தாரையும் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார். சண்டை இல்லாத நாட்களிலும் அவை கூடின. 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது.

நம் சமத்துவபுரங்களையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். தென்மாவட்டச் சாதி மோதல்கள் மூண்டிருந்த 1990-களின் பிற்பகுதியில், பல சாதியாரும் ஒரே குடியிருப்பில் வாழ வந்த திட்டம். 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25 வீதம், மற்றவர்களுக்கு 10. வரிசையும் கலப்பும் சரிதான், அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்தடுத்த சுவர் தானாகவே உறவாகிவிடாது. குடிநீர்த் தொட்டியை யார் சுத்தம் செய்வது, நூலகச் சாவி யாரிடம் இருப்பது என்று சேர்ந்து முடிவெடுக்கும் வேலை வேண்டும். சேர்ந்து செய்யாவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம் என்ற நிலை வேண்டும்.

உன் கிராமத்தில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கும், தேடிப் பார். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெரும்பாலும் தெருவாரியாக அமைந்து, சாதிவாரியாகவே நின்றுவிடுகின்றன. எல்லாக் குழுவும் சேரும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில்தான் இரண்டு தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கடன் கணக்குப் பார்க்கிறார்கள். அதன் கூட்டம் எங்கே நடக்கிறது, டீ எந்த டம்ளரில் வருகிறது என்று பார். மே 1-ம் தேதி கிராம சபைக்கும் போ. பேசிய பெண்கள் எத்தனை பேர், எந்தத் தெருக்காரர்கள் என்று எழுதி வா. கண்மாய் மதகு அடைத்துக்கொண்டால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள். அறிவுரை சொல்லப் போகாதே. அங்கே நடக்கும் வேலையில் எது இரண்டு தெருவையும் தொடுகிறதோ, அதைக் கெட்டிப்படுத்த என்ன வேண்டும் என்று மட்டும் உன் அறிக்கையில் எழுது.

இன்னொரு விஷயம். பந்தல் கால் ஓரத்தில் நின்றாரே, அவர் பேத்திக்கு வைகாசியில் கல்யாணம். வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார். மொய் எழுத என்னைத்தான் உட்காரச் சொல்லியிருக்கிறார். நீயும் வா. இந்த முறை மேஜையை நீ பார்த்துக்கொள். நான் அவரோடு முதல் பந்தியில் உட்கார வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா