தொழிலைத் தெரிவு செய்யுமுன்

“ஏற்ற தொழிலைத் தெரிவு செய்து முயன்றால் எவரும் முன்னேறலாம்” என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. முயற்சி வேண்டியதுதான். அது மட்டும் போதுமா?

2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் போரினால் படுவான்கரை மக்கள் வாவியின் மறுபக்கமான எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தார்கள். வயலும் மாடும் விதைநெல்லும் கைவிட்டுப் போயின. ஊக்கமும் அறிவும் கூடவே வந்தன. மழை பார்த்து விதைக்கவும் வரம்பு கட்டி நீர் மறிக்கவும் தெரிந்தவரைத் ‘தொழில் தெரியாதவர்’ என்று எண்ணுவது தவறு.

ஒரு முகாமில் நாற்பது பேர் தையல் பழகினால் தைக்கக் கொடுப்பவர் யார்? உழவு இயந்திரம் திருத்தப் பழகிய ஒருவருக்கோ ஊர் திரும்பிய பின்னும் வேலை கிடைக்கக்கூடும்.

ஆகவே பயிற்சியில் சேருமுன் குடும்பமாக இருந்து சிந்தியுங்கள்:

1. இவ்வேலைக்குக் காசு கொடுப்போர் இங்கு உண்டா?

2. பயிற்சி முடிந்தபின் கருவியும் முதலும் எங்கிருந்து வரும்?

3. மீண்டும் பெரும்போகம் செய்யும் காலத்திலும் இத்தொழில் உதவுமா?

விடை கிடைக்காவிட்டால் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். நாலு குடும்பமாகச் சேர்ந்து போய், பயிற்சி நடத்துவோரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். விடை சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுக்கும் உண்டு.