மந்தை நோயைத் தடுக்கும் வழி

குடியானவனுக்கு எருவும் பாலும் தந்து, கைமுதலாய் நிற்பது கால்நடையே. கடன் பெற்று வாங்கிய பசு மாண்டுபோனால், கடன் மாத்திரம் மிஞ்சும். ஆகையால் வியாதி கண்டபின் மருந்து தேடுவதிலும், வருமுன் காப்பதே சிக்கனமாகும்.

முற்காலத்தில் மாடுகளை மந்தை மந்தையாய்க் கொன்ற வியாதி வெக்கையாகும். வந்தவாசி தாலுகா 1989 வரையில் எந்த வடஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்ததோ, அந்த ஜில்லாவிலேயே 1995-இல் இந்தியாவின் கடைசி வெக்கை காணப்பட்டது. 2011-இல் இவ்வியாதி உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர்தோறும் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதனால், கிருமி பற்றுவதற்கு உடலின்றி அழிந்தது.

இக்காலத்தில் அஞ்சத்தக்கது கோமாரி. வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்டு, எச்சில் ஒழுகி, மாடு தீனி எடாது. வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் பால் குன்றும், நடை தளரும். இளங்கன்றுகளோ இறந்துபோவதுண்டு. வெக்கைத் தடுப்பூசி ஒரு முறை போட்டால் நெடுங்காலம் காத்தது. கோமாரிக் கிருமியோ பல வகைப்பட்டது. ஊசியின் பலனும் ஏறக்குறைய 6 மாதமே நிற்கும். எனவே ஆண்டுக்கு 2 முறை ஊசி அவசியம்.

ஊசி போட்டால் பால் குறையுமென்று சிலர் மாட்டை மறைக்கின்றனர். அக்குறைவு உண்டாயினும் சில நாளில் நீங்கும். கோமாரியால் வரும் நஷ்டம் அவ்வாறு நீங்குவதன்று. கொட்டிலை விட்டு அகலாத மாட்டையும் இந்நோய் விடாது. கிருமி மனிதர் காலிலும், உடையிலும், வைக்கோலிலும் ஒட்டி வரும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள் வருமாறு:

1. ஊசி முகாமன்று ஊரிலுள்ள மாடுகள் அனைத்தையும் ஒருங்கே கொண்டுவருக. 4 மாதம் நிரம்பிய கன்றுகளையும் விடலாகாது.

2. சந்தையில் வாங்கிய மாட்டை 3 வாரம் தனியே கட்டுக.

3. நோய்ப்பட்ட மாட்டைப் பொதுக் குட்டையில் நீர் காட்டாதீர், மேய்ச்சலுக்கும் விடாதீர். நோயுற்ற தாயிடம் கன்றை ஊட்ட விடாதீர். கொட்டிலைச் சலவைச் சோடா கரைத்த நீரால் கழுவுக.

4. மழைக்காலத்திற்கு முன்பே தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போடுக.

5. திடீரென இறந்த மாட்டை அறுக்கவும் தோலுரிக்கவும் வேண்டாம். அஃது அடைப்பானாயின் மனிதரையும் பற்றும். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவும்.

ஒருவர் மறைத்த மாடு ஊர் மந்தை முழுமைக்கும் நோயைக் கொணரக்கூடும். ஆதலால் முகாம் தேதியைப் பால் கூட்டுறவுச் சங்கத்தார் வீடுதோறும் அறிவித்து, ஒரு மாடும் விடுபடாது பார்த்துக்கொள்வாராக.