மீஞ்சூர்ல மனை வாங்குறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வீடியோவில் பேசினதை இங்கே கொஞ்சம் விளக்கமா பார்க்கலாம்.

வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு, எண்ணூர், மணலி பக்கம் வேலை பார்க்கிற நிறைய பேர் மீஞ்சூர்ல மனை தேடுறாங்க. அப்போ காதுல விழுற முதல் வார்த்தை: "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார், சதுர அடிக்கு 300 ரூபா கம்மி."

1,200 சதுர அடிக்கு 3.6 லட்சம் மிச்சம். ஆனா உண்மையிலேயே மிச்சமா?

மீஞ்சூர் சென்னைப் பெருநகரப் பகுதிக்குள்ள வருது. இங்கே மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ அனுமதி வேணும். பஞ்சாயத்து கையெழுத்து மட்டும் போதாது. 20.10.2016-க்கு முன்னாடி போட்ட அனுமதியில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தது. உங்க மனை அப்படி வரன்முறை ஆகியிருந்தா, அந்த ஆணையைக் கேட்டு வாங்குங்க.

அனுமதி இல்லைன்னா பிளான் அப்ரூவல் சிக்கல். பிளான் இல்லைன்னா வங்கியில வீட்டுக் கடன் சிக்கல். கணக்கு பாருங்க: வீடு கட்ட 15 லட்சம் தேவைன்னு வச்சுக்குவோம். வீட்டுக் கடன் 9%, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,500 ரூபாய். அதுவே பர்சனல் லோன் 14%, 5 வருஷம்னா சுமார் 34,900. மாசம் 40,000 சம்பளத்துல இது நடக்குமா?

மனை சரியா இருந்தா, அடுத்த வேலை சுலபம்

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளம் அல்லது அதோட ஒரு மாடி. இவ்வளவுதான்னா ஆன்லைன்லயே உடனடி அனுமதி வாங்கலாம். பரிசீலனைக் கட்டணம் கிடையாது, பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை.

ஆனா "சுயசான்று"ன்னா பொறுப்பும் உங்களுடையதுதான். முன்கூட்டி யாரும் வந்து மனையைப் பார்க்க மாட்டாங்க. தப்பான தகவல் கொடுத்திருந்தா அனுமதி ரத்தாகலாம். புரோக்கரை நம்பி விண்ணப்பத்துல கையெழுத்து போடாதீங்க.

அட்வான்ஸுக்கு முன்னாடி நாலு வேலை

1. சிஎம்டிஏ மனைப்பிரிவு அனுமதி எண்ணைக் கேளுங்க. அனுமதி வரைபடத்துல உங்க மனை எண் இருக்கான்னு பாருங்க.
2. சர்வே எண்ணை வச்சு நிலப் பயன்பாடு குடியிருப்பான்னு உறுதி பண்ணுங்க. தொழிற்சாலைகள் நிறைஞ்ச பகுதி இது, இதை விடவே கூடாது.
3. வில்லங்கச் சான்று, பட்டா ரெண்டையும் ஆன்லைன்ல பார்த்து, பத்திரத்தோட ஒப்பிடுங்க.
4. வங்கியில "இந்த மனைக்குக் கடன் தருவீங்களா?"ன்னு முதல்லயே கேளுங்க. அவங்க வக்கீல் பார்க்கிற பார்வை உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு.

இந்த நாலுல ஒண்ணு இடிச்சாலும் அட்வான்ஸ் உங்க பாக்கெட்லயே இருக்கட்டும். மனை எங்கேயும் ஓடிப் போகாது. கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குறதுதான் கஷ்டம்.